எங்கள் கிட்டாருக்கு நேரம் கொடுத்தவர்

எங்கள் வீவக வீட்டில் நான்கு பேர் வசிக்கிறோம்: பாட்டி, அப்பா, அம்மா, நான். வீட்டில் இரண்டு கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று அப்பாவுடையது, மற்றொன்று என்னுடையது. அம்மா இதுவரை கிட்டாரை மடியில் வைத்து ஒரு கம்பியைக்கூட மீட்டியதில்லை. ஆனாலும் இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியதுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. உயர்நிலைப் பள்ளியில் கிட்டார் குழுவை இணைப்பாட நடவடிக்கையாகத் தேர்ந்தெடுத்தேன். படிப்பையும் பொழுதுபோக்கையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், “நேரத்தைத் திட்டமிட்டால் போதும்” என்று பெருமையாகச் சொல்லி வந்தேன். அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று சென்ற ஆண்டு செப்டம்பர் வரை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

அலமாரியின் மேல் கிடந்த கிட்டார்

அப்பா தேசிய சேவையில் இருந்தபோது கிட்டார் கற்றுக்கொண்டார். முகாமில் உடன் இருந்த ஒரு நண்பர்தான் ஆசிரியர். சேர்த்து வைத்த பணத்தில் பெனின்சுலா கடைத்தொகுதியில் ஒரு கிட்டார் வாங்கினார். இன்றும் அந்தக் கட்டடத்தில் வரிசையாகக் கிட்டார் கடைகளைப் பார்க்கலாம். அப்பாவின் தலைமுறை ஒலிநாடாக்களில் பாட்டுக் கேட்டு வளர்ந்தது. 1980ல் வெளிவந்த ‘மூடுபனி’, இளையராஜா இசையமைத்த நூறாவது படம். அந்தப் படத்தின் கிட்டார் இசையைக் கேட்டுத்தான் தமக்கு ஆசை வந்தது என்பார் அப்பா. இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பு இளையராஜாவும் மற்ற இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிட்டார் வாசித்தவர்தான் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வார்.

திருமணம், சுழற்சி முறை வேலை, பிறகு நான். அப்பா விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவருக்குக் கிட்டார் வாசிக்க எங்கே நேரம்? கிட்டார் அலமாரியின் மேல் ஏறியது. அங்கேயே பல ஆண்டுகள் கிடந்தது.

சிங்கப்பூரில் கிட்டாரை அப்படி விட்டுவைக்கக் கூடாது. இங்கு காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். கிட்டார் தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பதோ ஏறத்தாழ 45 முதல் 55 விழுக்காடு. ஈரத்தை உறிஞ்சும் மரம் உப்புகிறது, பசை தளர்கிறது. கம்பிகளின் இழுவிசை ஓயாமல் வேலை செய்ய, கம்பிகளைத் தாங்கும் பாலம் மெல்ல மெல்ல மேற்பலகையிலிருந்து பெயர்ந்து வருகிறது. நாங்கள் வீடு மாறியபோது அப்பா கிட்டாரை இறக்கிப் பார்த்தார். பாலத்துக்கும் பலகைக்கும் இடையே ஐம்பது காசு நாணயத்தை நுழைக்க முடிந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் அதைக் குப்பைத் தொட்டி வரை தாமே தூக்கிக்கொண்டு போனார்.

அதை அம்மா மறக்கவில்லை. 2023ல் அப்பாவுக்கு 50 வயது நிறைந்தபோது, கரோசல் தளத்தில் யாரோ விற்ற ஒரு கிட்டாரை 120 வெள்ளிக்கு வாங்கி, நான் பள்ளி முடிந்து வரும் வழியில் என்னையே எடுத்துவரச் சொன்னார். கேக்கு வெட்டிய பிறகு அதை அப்பாவின் கையில் கொடுத்து, “இனி இதை அலமாரி மேல ஏத்தாதீங்க” என்றார்.

அப்பாவின் விரல்கள் எல்லாவற்றையும் மறந்திருந்தன. உலோகக் கம்பி அழுத்தி நுனிவிரல்கள் சிவந்தன. இரண்டு வாரத்தில் அந்த இடங்களில் தோல் தடித்துக் காய்ப்பு வந்தது. ஒரே விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டிய ‘எஃப்’ சேர்சுரம் மட்டும் இரண்டு மாதம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அது முதன்முறையாகச் சுத்தமாக ஒலித்த இரவு, அம்மாவைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். அம்மா கையில் கரண்டியோடு நின்று கைதட்ட முடியாமல் சிரித்தார்.

வீட்டுக்குள் ஒரு குழு

அப்பாவின் கிட்டாரும் என்னுடையதும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறு. என்னுடையது நைலான் கம்பி பூட்டிய செவ்வியல் கிட்டார். அதன் கழுத்து அகலமானது. கம்பிகள் தொடங்கும் இடத்தில் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் இருக்கும். அப்பாவுடையது சுமார் 43 மில்லிமீட்டர். நைலான் கம்பி வந்ததே இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான். அதற்கு முன்பு விலங்குகளின் குடலிலிருந்து கம்பி செய்தார்கள். போர்க்காலத்தில் அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் மாற்றுப்பொருளைத் தேடினார்கள்.

பள்ளியில் நான் வாசித்தது குழுவாக. ஜப்பானியரான ஹிரோகி நீபோரி வகுத்த முறையில் ஆல்டோ, பிரைம், பாஸ், கான்ட்ராபாஸ் என வெவ்வேறு அளவுக் கிட்டார்கள் சேர்ந்து ஒலிக்கும். சிங்கப்பூர் இளையர் விழாவில் பள்ளிக் கிட்டார் குழுக்களைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி தெரிந்திருக்கும். எனக்குத் தாள் பார்த்து வாசிக்கத் தெரியும். கேட்டு வாசிக்க வராது. அப்பாவுக்கு நேர்மாறு. ஆகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க நிறைய இருந்தது.

தொடக்கக் கல்லூரியை முடித்துப் பல்கலைக்கழகம் திறப்பதற்காகக் காத்திருந்த 2024ன் முதல் பாதி, எங்கள் பொற்காலம். அப்பாவுக்கு விடுப்பு நாள் என்றால் மதியம் வரை கிட்டார். மாலை வேலை முடிந்து வந்தாலும் கிட்டார். அண்டை வீட்டாருக்காக இரவு 10.30 மணியோடு நிறுத்த வேண்டும் என்பது மட்டுமே எங்களுக்கு இருந்த கட்டுப்பாடு. ஜூன் மாதம், எங்கள் வட்டாரத் தீபாவளிக் கொண்டாட்டத்தில் அப்பாவும் மகளும் சேர்ந்து நான்கு பாடல்கள் வாசிக்க முடியுமா என்று கேட்டார்கள். அப்பா உடனே சரி என்றார். அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பாட்டியை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்வது முன்பு அப்பாவின் பொறுப்பு. அது எப்போது அம்மாவிடம் போனது என்று எனக்கு நினைவில்லை. சனிக்கிழமை சந்தைக்கு நான் போவதுண்டு. அதுவும் நின்றது. அம்மா எதுவும் கேட்கவில்லை. “நீங்க வாசிங்க, நான் பாத்துக்கறேன்” என்பார். அதை நாங்கள் ஆதரவு என்று எடுத்துக்கொண்டோம். அது ஆதரவுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது.

மேசை இழுப்பறையில் கிடைத்தது

2024 செப்டம்பர், முதல் பருவத்தின் இடைக்கால விடுமுறை. பயிற்சியின்போது என் கிட்டாரின் நான்காவது கம்பி அறுந்தது. புதிய கம்பிகளை அம்மா எங்கேயோ எடுத்துவைத்த நினைவு. மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கம்பிப் பொட்டலத்துக்கு அடியில் ஒரு வெளிர்நீல உறை இருந்தது.

உள்ளே பாலர் கல்வியில் பகுதிநேரப் பட்டயப் படிப்புக்கான விண்ணப்பம். அம்மாவின் பெயர், அடையாள அட்டை எண், வேலை அனுபவம் என எல்லாமே அவருடைய உருண்டையான கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. கையொப்பமிட வேண்டிய இடம் மட்டும் காலி. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலையிலேயே முடிந்துவிட்டது.

அம்மா ஒரு பாலர் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக உதவியாளராக வேலை செய்கிறார். ஆசிரியராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக ஒரு படி எடுத்துவைத்திருந்தார் என்பது தெரியாது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை வழங்கப்பட்டது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அம்மா விண்ணப்பத்தை எடுத்திருக்கிறார்.

அன்று மாலை அந்த உறையை அவரிடம் நீட்டினேன்.

“ஏம்மா அனுப்பல?”

அவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மடிக்கத் தொடங்கினார். “வாரத்துல ரெண்டு சாயங்காலம் வகுப்பு. ஏழு மணிக்கு ஆரம்பிச்சா பத்து மணி. பாட்டிக்கு ஏழரைக்குச் சாப்பாடும் மருந்தும் குடுக்கணும். உங்களுக்கும் சமைக்கணும். முடியாதுனு தோணிச்சு, விட்டுட்டேன்.”

“எங்ககிட்டக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டா அப்பா கிட்டாரை மறுபடியும் மேல தூக்கி வச்சிடுவாரு. அதைப் பாக்க எனக்கு மனசு இல்ல.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று கம்பியை மாற்றவில்லை.

168 மணி நேரக் கணக்கு

அப்பாவிடம் சொன்னபோது அம்மா எதிர்பார்த்தபடியே நடந்தது. “நாளைக்கே கிட்டாரை வித்துடலாம்” என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்த சில தருணங்களில் அதுவும் ஒன்று. “நான் வாங்கிக் குடுத்ததை விக்கிறதுக்கு நீங்க யாரு? நீங்க வாசிக்கிறது எனக்குப் பிடிக்கும். எனக்கும் கொஞ்சம் நேரம் வேணும். அவ்வளவுதான் கேக்கறேன்.”

இரண்டில் ஒன்று என்று அப்பா முடிவெடுத்தது பெருந்தன்மைபோலத் தெரியலாம். உண்மையில் அது எளிய வழி. கிட்டாரை விற்றுவிட்டால் தியாகம் செய்த திருப்தி கிடைக்கும். பாட்டிக்கு யார் மருந்து கொடுப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

கணக்கியல் மாணவிக்குத் தெரிந்தது கணக்குதான். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அடுத்த ஏழு நாள்களுக்கு மூவரும் என்னென்ன செய்கிறோம் என்று ஒரு தாளில் எழுதினோம். முடிவு இதுதான்: சமையல், துப்புரவு, பாட்டியைக் கவனிப்பது ஆகியவற்றுக்கு மொத்தம் 30 மணி நேரம். அதில் அம்மா 23, அப்பா 4, நான் 3. கிட்டாருக்கு அப்பா 8 மணி நேரம், நான் 7. அம்மா தமக்கென்று மட்டும் செலவிட்ட நேரம் ஒன்றரை மணி. அதிலும் பாதி நேரம் தொலைக்காட்சி பார்த்தபடி பூண்டு உரித்திருக்கிறார்.

பட்டயப் படிப்புக்கு வாரம் 6 மணி நேர வகுப்பு, வீட்டில் படிக்க ஒரு 4 மணி நேரம், ஆக 10 மணி தேவை. அப்பாவும் நானும் கிட்டாருக்குச் செலவிட்டது 15 மணி. கூட்டிக் கழிக்கத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

புதிய கணக்கில் அப்பாவும் நானும் தலைக்கு வாரம் மூன்றரை மணி நேரம் கிட்டார், அதாவது நாளுக்கு அரை மணி. வீட்டு வேலையில் அப்பா 10, நான் 8, அம்மா 12. நாங்கள் இருவரும் கூடுதலாக ஏற்றுக்கொண்ட 11 மணி நேரத்தில் 8 மணி கிட்டாரிலிருந்து வந்தது. மீதி 3 மணி எங்கள் கைப்பேசித் திரைகளிலிருந்து வந்தது. தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு நான்கு பாடல்களுக்குப் பதிலாக இரண்டு மட்டும் வாசிப்பதாக ஏற்பாட்டாளர்களிடம் சொன்னோம். அவர்கள் ஏமாற்றம் அடைந்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அப்பா வைத்த முதல் ரசத்தைப் பாட்டி ஒரு வாயோடு தள்ளிவைத்துவிட்டார். என் தேர்வு வாரத்தில் நான் இரண்டு முறை என் பங்கைத் தவறவிட்டேன். அப்போதெல்லாம் அம்மா பழக்கத்தில் எழுந்து வருவார். “உட்காருங்கம்மா” என்று சொல்லப் பழகுவதும் ஒரு பயிற்சிதான்.

அரை மணி நேரம் போதுமா?

நேரம் பாதியாகக் குறைந்ததும் என் வாசிப்பும் பாதியாகும் என்று பயந்தேன். அப்படி ஆகவில்லை. ஏனென்று யோசித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முன்பு நான் ‘பயிற்சி’ என்று சொன்ன ஏழு மணி நேரத்தில் பெரும்பகுதி, ஏற்கெனவே நன்றாக வரும் பகுதிகளைத் திரும்பத் திரும்ப வாசித்து மகிழ்ந்ததுதான். வராத இடம் வந்தால் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

இப்போது எங்கள் அரை மணி நேரம் இப்படி: முதல் 5 நிமிடம் சுருதி சேர்த்து, விரல்களைத் தளர்த்த மெதுவாகச் சுர வரிசை. அடுத்த 10 நிமிடம் தடுமாறும் இடம் மட்டும். நான்கு சுரம்தான் தகராறு என்றால் அந்த நான்கு சுரம் மட்டும், தாளமானியைப் பாதி வேகத்தில் வைத்து. மூன்று முறை தொடர்ந்து பிசகாமல் வந்தால்தான் வேகத்தைக் கூட்டுவோம். அடுத்த 10 நிமிடம் முழுப் பாடலையும் நிறுத்தாமல். கடைசி 5 நிமிடம் மனம்போன போக்கில்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்றரை மணி நேரம் வாசிப்பதைவிட அதே நேரத்தைத் தினமும் அரை மணியாகப் பிரித்தால் விரல்கள் நன்றாக நினைவு வைத்துக்கொள்கின்றன. தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. முதல் நாள் இரவு மட்டும் படித்தது எவ்வளவு நாள் மனத்தில் நிற்கும் என்று நமக்குத் தெரியும்தானே?

அறை கிடைக்காத நேரத்தில் நைலான் கம்பிகளுக்கு அடியில், பாலத்தை ஒட்டி ஒரு சிறு துணியைச் செருகிக்கொள்கிறேன். ஒலி பாதிக்கும் மேல் அடங்கிவிடும். வீட்டில் யாராவது உறங்கினாலும் படித்தாலும் இடது கைப் பயிற்சிக்கு இது போதும். கிட்டாரை அதன் பெட்டிக்குள் வைக்கும்போது, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் போட்டுவிடுகிறோம்.

மாணவியின் வீடு

அம்மா கடந்த ஏப்ரல் மாதம் படிப்பில் சேர்ந்தார். சென்ற ஆண்டே அக்டோபரில் தொடங்கியிருக்க வேண்டிய படிப்பு. அந்த ஆறு மாதத்தை நாங்கள் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

செவ்வாயும் வியாழனும் அவருக்கு வகுப்பு. அன்று அப்பா சமைக்கிறார். இரவு வேலை விழுந்தால் நான். ரசம் தேறிவிட்டது, பாட்டியே இரண்டாம் முறை கேட்கிறார். இரவு பத்தரை மணிக்கு அம்மா முதுகில் பையோடு மின்தூக்கியிலிருந்து வெளியே வரும்போது, அவர் என்னைவிடக் களைப்பாகவும் என்னைவிட உற்சாகமாகவும் இருக்கிறார். நாற்பத்தேழு வயதில் ஒப்படைப்புக்கு மேற்கோள் குறிப்பது எப்படி என்று என்னிடம் கேட்கிறார். சொல்லிக்கொடுக்கிறேன். முதல் தேர்வில் தேர்ச்சி பெற்றபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பா போட்ட கிட்டார் படங்கள் பதினேழு. எண்ணிப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா சாப்பாட்டு மேசையில் குறிப்புகளைப் பரப்பிவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எங்கள் அரை மணி நேரத்தை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தோம். முடித்து வெளியே வந்ததும், தலையைத் தூக்காமலே சொன்னார்: “ரெண்டாவது தடவை திரும்பி வர்ற இடத்துல அப்பா இன்னும் அவசரப்படறாரு. நீ காத்திருக்கணும்.”

சரியாகச் சொன்னார். நான் அதுவரை கவனிக்காத தவறு அது. இரண்டு ஆண்டாக அடுப்படியிலிருந்தும் துணி மடிக்கும் இடத்திலிருந்தும் ஒவ்வொரு சுரத்தையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் ஏதாவது ஒரு கலை, விளையாட்டு, ஆர்வம் இருக்கும். அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் உங்கள் பயிற்சி நேரத்தில் ஒருநாள் அறையைவிட்டு வெளியே வந்து, அந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். “நான் பாத்துக்கறேன்” என்று உங்களிடம் சொன்னவருக்கும் எங்கேயாவது ஓர் இழுப்பறை இருக்கலாம். அதில் என்ன இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். கம்பி அறும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த மாதம் அம்மாவின் பாடத்தில் குழந்தைகளுக்கான இசை நடவடிக்கை ஒன்றைச் செய்து காட்ட வேண்டுமாம். மூன்றே சேர்சுரங்கள் கொண்ட எளிய பாட்டு. கிட்டாருக்கு ஆள் தேவை என்றார். அப்பா விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டார். இந்த முறை படிவத்தில் கையொப்பமும் போட்டாயிற்று.